சி.ஆர். கொப்பியில் அப்புத்தளை

கச்சான் காற்று எங்கள் ஊருக்கு மேற்கிலிருந்து வரும். யூன் தொடங்கி ஓகஸ்ட் முடியும்வரை அது கரைவாகு வட்டையின் வயல்வெளியைத் தாண்டி, தோணாவின் சேற்றைக் காயவைத்து, சாய்ந்தமருதின் கிடுகு வேலிகளை உலுப்பிக்கொண்டு கடலுக்குப் போகும். பகல் பத்து மணிக்கு மேல் முற்றத்து மணலில் வெறுங்காலோடு நிற்க ஏலாது. உதடு வெடிக்கும். கோழிகள் சொண்டைப் பிளந்தபடி கிணற்றடியில் கிடக்கும். கடல் மட்டும் சாதுவாக இருக்கும். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் அலை பெரிதாக எழாது. தோணிக்காரருக்கு அது நல்ல காலம், மற்ற எல்லோருக்கும் எரிச்சல் காலம். வீட்டில் சண்டைகள் கூடுவது கச்சானில்தான் என்று உம்மா சொல்வா.

1982ஆம் ஆண்டு அப்படியொரு கச்சானில், இஷாத் தொழுதுவிட்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்த வாப்பா, "ஒரு சனி ஞாயிறுக்குக் குளிர் ஊரொண்டுக்குப் போய் வருவம்" என்றார். அந்த வருடம் நோன்பு யூலையில் முடிந்திருந்தது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்போடுதான் நீண்ட விடுமுறை. மற்றப் பள்ளிக்கூடங்கள் ஓகஸ்டில் மூடிக்கிடக்க நாங்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்வந்தோம். வாப்பா வாத்தியார். நானும் ராத்தாவும் படிக்கிறவர்கள். ஆகவே எங்களுக்குக் கிடைக்கக்கூடியது வெள்ளி ஜும்ஆவுக்கும் திங்கள் காலை மணிக்கும் இடைப்பட்ட நேரம்தான்.

முதல் எதிர்ப்பு மூத்தம்மாவிடமிருந்து வந்தது. "மலப்பக்கமிருந்து வாற காத்தே இந்தச் சூடு சுடுது மருமகன். அங்க போய் எங்கேருந்து குளிர்ற?"

எனக்கும் அது சரியான கேள்வியாகவே பட்டது. வாப்பா சோற்றுக் கையை உயர்த்தி, விரல்களை மலையாக்கி விளக்கினார். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மலைக்கு அந்தப் பக்கம் ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் இரத்தினபுரியிலும் அட்டனிலும் மழையாகக் கொட்டிவிடுகிறது. வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகிறது. நமக்கு வந்து சேருவது அந்தக் காய்ந்த காற்று. மூத்தம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டா. கேட்டுவிட்டு, "அப்ப நம்மட மழைய மறிச்சி வெச்சிக்கிட்டு நிக்கிறது அந்த மலதான். அதப் பாக்கவா காசு குடுத்துப் போற?" என்றா. வாப்பாவுக்குப் பதில் இருக்கவில்லை. புவியியல் படிப்பிக்கிறவர்களுக்கு வகுப்பறையில் இப்படியான மாணவர்கள் வாய்ப்பது அரிது.

எந்த ஊர் என்பதுதான் அடுத்த வழக்கு. ராத்தாவுக்குக் கண்டி. எனக்கு எந்த ஊரானாலும் கோச்சியில் போக வேண்டும். நுவரெலியா என்று தெருவில் பலரும் சொன்னார்கள். மலைநாடு என்றால் நுவரெலியா என்பதுதான் கரையோரத்தாரின் கணக்கு. எங்கள் வீட்டில் மலைநாட்டை அறிந்த ஒரே ஆள் மாமா, உம்மாவின் தம்பி. மருதமுனை நெசவுச் சாறன்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கமெல்லாம் யாவாரத்துக்குப் போய்வருகிறவர். அவருடைய நிலப்படத்தில் ஊர்கள் வேறு மாதிரிக் குறிக்கப்பட்டிருந்தன: எங்கே பள்ளி இருக்கிறது, எங்கே பள்ளியில் இராத்தங்க விடுவார்கள், எந்தக் கடையில் நம்பிச் சாப்பிடலாம், எந்த ஊரில் கடன் திரும்பி வராது.

"நுவரெலியா ஏப்ரலுக்குத்தான் மச்சான். குதிரை ஓட்டம், பூக்காட்சி, கொழும்பாக்கள்ட கார். மத்த நாளையில அந்தப் பெரிய ஹோட்டல்கள வெளியால நிண்டு பாத்துட்டு வரலாம்."

"அப்ப எங்க போற?"

"அப்புத்தளைக்குப் போங்க. ஒரு தெரு, ஒரு ஸ்டேஷன், ஒரு பள்ளி. நம்மட ஊர் மாஸ்டரும் அங்கதான் படிப்பிக்கிறார்."

"பாக்க என்ன இருக்கு?"

"ஒண்டுமில்ல. அதான் நல்லம்."

மூத்தம்மா பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தா. ஒன்றுமில்லாத ஊருக்குப் போவதற்காக ஒன்றுகூடியிருக்கிற குடும்பத்தில் தான் மட்டும்தான் தெளிவாக இருக்கிறோம் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

இன்றைக்கு யோசித்தால் மாமா சொன்ன காரணம் சரிதான் என்று படுகிறது. அப்புத்தளை பார்ப்பதற்காக உண்டான ஊரல்ல. தேயிலையைக் கீழே அனுப்புவதற்காக உண்டான ஊர். மலைநாட்டுப் பாதையில் புகையிரதம் 1893இல் அங்கே வந்து சேர்ந்தது; பதுளைக்குப் போய்ச் சேர இன்னும் முப்பது வருடம் பிடித்தது. லிப்டன் தன்னுடைய தம்பேதன்னைத் தொழிற்சாலையை அதற்கும் முன்னால் 1890இலேயே அங்கே கட்டிவிட்டார். தொழில் செய்கிற ஊர் வருகிறவனைக் கண்டு பல்லிளிக்காது, துரத்தவும் செய்யாது, தன்பாட்டில் இருக்கும். அதே பாதையில் இருக்கிற எல்ல அந்தக் காலத்தில் கோச்சி நின்றுபோகிற ஒரு சின்ன ஸ்டேஷன். இன்று அங்கே நடக்க இடமில்லை. அப்புத்தளை இன்னும் அந்த அளவுக்கு விலைபோகவில்லை. போகாமல் இருக்க வேண்டும்.

ஊர் முடிவானதும் வாப்பா ஒரு புது சி.ஆர். கொப்பி வாங்கினார். அந்தக் கொப்பி இப்போது இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது கொண்டுபோன சாமான்களில் அதுவும் ஒன்று. ஆனால் முதல் பக்கம் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம். உச்சியில் 786. அதன் கீழே, கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில், ‘அப்புத்தளைப் பயணம்’. அடுத்து ‘வழி’ என்று போட்டு ஒரு கோடு.

அந்தக் கோட்டுக்குக் கீழே என்ன எழுதுவது என்பதில் இரண்டு கிழமை போனது. வாப்பாவுக்கு ஓர் ஆசை இருந்தது. எங்கள் வீட்டு ஒழுங்கை போய் ஏறுகிற மெயின் றோட்டைக் காட்டி, "இந்த றோட்டுத்தான் மகன் அங்கயும் போகுது" என்றார். நான் நம்பவில்லை. சம்மாந்துறையிலிருந்து நெல் மூட்டை ஏற்றிவரும் வண்டில்கள் போகிற, கல்முனைச் சந்தைக்கு மீன்காரர் சைக்கிள் மிதிக்கிற றோட்டு அது. வாப்பா படத்தை விரித்தார். ஏ-4. கொழும்பில் தொடங்குகிறது. இரத்தினபுரி, பலாங்கொடை. பிறகு மலையேறி ஹல்துமுல்லை, பெரகலை. அங்கே கிறுகி கொஸ்லந்தை, வெல்லவாய என்று இறங்கி, மொனராகலை, சியம்பலாண்டுவை, லகுகலைக் காடு, பொத்துவில். பொத்துவிலில் கடலைக் கண்டு வடக்கே திரும்பி திருக்கோவில், அக்கரைப்பற்று, காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது. கல்முனையைத் தாண்டி மட்டக்களப்பில் முடிகிறது. பெரகலையில் இந்த றோட்டை விட்டு வேறொன்றில் பத்துக் கிலோமீற்றர் அளவு ஏறினால் அப்புத்தளை. வாப்பாவின் விரல் எங்கள் வீட்டில் தொடங்கி மலையடி வரைக்கும் காகிதத்தை விட்டு எழும்பவேயில்லை. அன்று பின்னேரம் மெயின் றோட்டில் போய் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். தாரும் புழுதியும்தான் தெரிந்தன. ஆனாலும் அந்த றோட்டில் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

மாமாவுக்கு றோட்டுப் படத்தில் நம்பிக்கை இல்லை. "பொத்துவில் சுத்திப் போனா பஸ் பாத்துப் பாத்தே பொழுது படும். லகுகலையில ஆன நிக்கும். அம்பாறையால விழுந்தா மொனராகலை கிட்ட." அந்தக் கட்டத்தில் நான் என்னுடைய வழக்கை உள்ளே நுழைத்தேன். எங்கள் கரையில் தண்டவாளம் கிடையாது. கிழக்குக்கு வருகிற கோச்சி மட்டக்களப்போடு நின்றுவிடும். நான் கோச்சியைப் படத்திலும், மட்டக்களப்புக்குப் போன ஒருநாள் தூரத்திலும் பார்த்ததோடு சரி. வெள்ளி இரவு பதுளையில் தங்கி, சனி விடிய பதுளையிலிருந்து கோச்சி பிடித்தால் அப்புத்தளைக்கு ஏறலாம் என்று மாமா சொல்லியிருந்தார். அதை நான் ராத்தாவிடம் சொல்லி, ராத்தா உம்மாவிடம் சொல்லி, உம்மா சோறு போடுகிற நேரம் பார்த்து வாப்பாவிடம் சொன்னா. மூன்று கை மாறிப் போன விண்ணப்பம் ஏற்கப்பட்டது. போக்கு அம்பாறை, மொனராகலை, பசறை, பதுளை, மறுகா கோச்சி. வரத்துப் பெரகலை வழி. வாப்பாவின் ஏ-4 ஆசைக்குப் பாதி கிடைத்தது.

ஜும்ஆவை விட்டுவிட்டுக் காலையிலேயே புறப்படலாமா என்று ஒரு யோசனை வந்தது. பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்று மாமா சட்டம் சொன்னார். மூத்தம்மா பாயை விட்டு எழும்பாமலே தீர்ப்புச் சொன்னா: "பயணம் வெளிக்கிட்டவனுக்குத்தான் அந்தச் சட்டம். ஊட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு இல்ல." ஆகவே ஜும்ஆவுக்குப் பிறகு. திரும்பும் வழியில் லுஹரையும் அசரையும் சேர்த்துச் சுருக்கித் தொழலாம் என்பது கொப்பியில் தனி வரியாக ஏறியது. எனக்கும் ராத்தாவுக்கும் மலைப்பயணத்தின் முதல் லாபமாகத் தெரிந்தது அதுதான்.

மாஸ்டருக்குக் கடிதம் போட்டு, பதில் வரக் காத்திருந்த நாட்களில் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஊரில் யாராவது பயணம் போவதென்றால் அது அந்த வீட்டு விஷயமாக மட்டும் இருக்காது. முன்வீட்டு மாமி தோட்டத்துத் தேயிலைத்தூள் கேட்டா; கடையில் விற்பது தூளே இல்லை, தூசி என்பது அவவின் கட்சி. அடுத்த வீட்டில் லீக்ஸ். மூலை வீட்டு மோதினாருக்குப் பெயாஸ் பழம். ஒருவருக்கு ரோசாக்கன்று, வேரோடு. யாரும் காசு தரவில்லை. "கொண்டாந்த பிறகு பாப்பம்" என்றார்கள். வாப்பா இதற்கென்று கொப்பியின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கினார். எங்கள் பயண ஏற்பாடு முன்னிருந்து பின்னும், ஊராரின் ஏற்பாடு பின்னிருந்து முன்னும் வளர்ந்துகொண்டு வந்தன.

மாஸ்டரின் பதில் ஒரு போஸ்ட் கார்ட். நெருக்கி எழுதியிருந்தார். வரலாம், இடமிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சப்பாத்து வேண்டும். கம்பளி கட்டாயம். இங்கே பார்க்க ஒன்றுமில்லை, பிறகு என்னைக் குற்றம் சொல்லக்கூடாது. கார்டின் ஓரத்தில், மற்ற எழுத்தைவிடப் பெரிதாக, கருவாடு.

கம்பளி என்ற சொல் வீட்டில் பெரிய இடி. சாய்ந்தமருதில் கம்பளிக்கு எங்கே போவது? மாரியில் வாடைக்காற்று அடித்தால் சாறனை இழுத்துத் தலையோடு மூடிப் படுப்போம். அதற்கு மேல் குளிரென்று ஒன்றை நாங்கள் கண்டதில்லை. 1978 நவம்பரில் சூறாவளி அடித்து ஓடு பறந்த இரவில் நனைந்து நடுங்கியதுதான் எங்களுக்குத் தெரிந்த அதிகபட்சக் குளிர். உம்மா யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது முன்வீட்டு மாமியின் அலுமாரி. மாமியின் மாப்பிள்ளை சவூதியில். அந்த வருடங்களில்தான் எங்கள் ஊராட்கள் ஒருவர் பின் ஒருவராக அரபு நாடுகளுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். போனவர்கள் அனுப்பிய சாமான்களில் தடித்த போர்வையும் இருக்கும். பெரிய பெரிய ரோசாப்பூப் போட்ட, ஆடு கனம் கனக்கிற போர்வை. அதை யாரும் போர்த்தியதில்லை. பொலித்தீன் உறையோடு அலுமாரிக்கு மேல் இருக்கும், வருகிறவர்கள் பார்ப்பார்கள்.

உம்மா போய்க் கேட்டபோது நானும் கூடப் போனேன்.

"ஒரு ரெண்டு நாளைக்குத் தா கா. நனையாம, ஊத்தையாகாமக் கொண்டாந்து தாறன்."

மாமி போர்வையைப் பார்த்தா. உம்மாவைப் பார்த்தா. "அவரே இன்னும் போத்தல்ல" என்றா.

"அவர் வரக்குள்ள இஞ்ச கச்சான் அடிக்கும். எப்பிடியும் போத்த மாட்டார்."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்வை இறங்கியது. அதற்கு வாடகையாகத் தேயிலைத்தூளின் அளவு கூடியது. வாப்பா கடைசிப் பக்கத்தில் திருத்தினார். பாலைவனத்திலிருந்து வந்த போர்வை மலையேறப்போவதை வாப்பா இரண்டு மூன்று பேரிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். மற்றக் கம்பளிகள் துண்டு துண்டாகச் சேர்ந்தன. மாமாவின் பழைய சுவெற்றர். யாரோ ஒருவருடைய காதை மூடுகிற தொப்பி. ராத்தாவுக்கு எதுவும் அளவாக அமையவில்லை. இரண்டு சோட்டியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதென்று முடிவாயிற்று.

மூத்தம்மா தான் வரவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டா; கோழிகளுக்கு ஆளில்லை. ஆனால் ஏற்பாடுகளில் அவவின் கை எல்லா இடத்திலும் இருந்தது. வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் இடித்துத் துணியில் முடிந்து தந்தா. சித்தாலேப டப்பி. அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு. கருவாட்டைத் தெரிந்தெடுத்ததும் அவவே. கடற்கரை வாடிக்குப் போய் ஆள் மாற்றி ஆள் பார்த்து, முகர்ந்து, வளைத்துப் பார்த்து, கீரிக் கருவாடும் கொஞ்சம் பாரைத் துண்டும் வாங்கி வந்து, வீரகேசரியில் ஒரு சுற்று, அதற்கு மேல் பொலித்தீன், அதற்கு மேல் சாக்கு.

"ரெண்டு நாளைக்கு ஆணம் காய்ச்சாம இருக்கலாம் எண்டுதான் நான் வாறதே" என்று சொல்லிக்கொண்டிருந்த உம்மா, வியாழக்கிழமை இரவு முழுக்க அடுப்படியில் நின்றா. வாழையிலைகளை நெருப்பில் வாட்டி, சோறும் பொரித்த மீனும் முட்டையும் இடித்த சம்பலும் வைத்து ஆளுக்கொரு பொதி. எதற்கும் இருக்கட்டும் என்று மேலதிகமாகச் சில.

ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா சாறனை மாற்றிக் காற்சட்டை போட்டார். மாமாவும் சேர்ந்து பஸ் ஏறினோம். சம்மாந்துறை வயல், அம்பாறை, இங்கினியாகலை. சேனாநாயக்க சமுத்திரம் எங்கோ மரங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வாப்பா கையைக் காட்டி, நம்முடைய வட்டைக்கு வருகிற தண்ணீர் இந்தக் குளத்திலிருந்துதான், குளத்துக்கு வருவது கல்லோயாவில், கல்லோயா தொடங்குவது பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் என்றார். "அப்ப மூத்தம்மாட மழைய மல திருப்பித் தருது" என்றா ராத்தா. வாப்பா அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டார், வீட்டுக்குப் போய்ச் சொல்ல. இந்தப் பாதை பின்னர் யுத்த காலத்தில் பல வருடங்கள் பின்னேரத்தில் நினைத்த மாதிரிப் போகக்கூடிய பாதையாக இருக்கவில்லை. அன்று ஜன்னலில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டு போனோம்.

பதுளையில் மாமாவின் யாவாரக் கூட்டாளி வீட்டில் இரவு. விடியக் கோச்சி. அதைப் பற்றி நான் எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை அதோடு முடிந்துவிடும். தெமோதரையில் கோச்சி ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து, மலையைச் சுற்றி ஏறி, அந்தச் சுரங்கத்துக்கு நேர் மேலேயே கட்டியிருக்கிற ஸ்டேஷனில் போய் நிற்கும் என்பதை மாமா முன்கூட்டியே சொல்லியிருந்தும் எனக்கு அது பிடிபடவில்லை. தலையை வெளியே நீட்டி நீட்டி எங்கே வந்தோம் எங்கே போகிறோம் என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் சாக்கின் வாசம் பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. எதிர் இருக்கையில் இருந்த தோட்டத்து அம்மா மாமாவைப் பார்த்து, "கருவாடா அண்ணே?" என்றார். மாமா கூச்சத்தோடு சாக்கைக் காலுக்குள் தள்ளினார். "இல்ல அண்ணே, நல்ல வாசம். எந்தூருப் பக்கம்?" மாமா பொதியை அவிழ்த்து ஒரு கை கீரியை எடுத்து அவர் முந்தானையில் போட்டார். மூத்தம்மா அளந்து கட்டிய கருவாடு பண்டாரவளைக்கு வருமுன்னே குறையத் தொடங்கிவிட்டது.

அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கினோம். காற்று அறைந்தது. கச்சானின் அதே வேகம், ஆனால் பனி மாதிரிக் குளிர். புகார் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்கிய அதே பெட்டியில் ஏறுவதற்கு ஒரு குடும்பம் நின்றது. அவர்களைச் சுற்றி இருபது முப்பது பேர், எல்லோரும் அழுதுகொண்டு. ஒப்பாரி வைத்து, மாரில் அடித்து. எங்கள் ஊரில் மையத்து வீட்டிலும் அப்படிச் சத்தமாக அழ விடமாட்டார்கள். தகரப் பெட்டி ஒன்றின் மேல் வெள்ளைப் பெயின்ரால் ஒரு பெயரும், அதன் கீழே திருச்சி மாவட்டம் என்றும் எழுதியிருந்தது. ‘இந்தியாவுக்குப் போறாங்க’ என்று மாமா வாப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின் கடைசி ஆட்கள். இங்கிருந்து கோச்சியில் போய், தலைமன்னாரில் கப்பலேறி, பலரும் கண்டேயிராத சொந்த ஊர். அந்தக் கோச்சியை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன்.

ஏறுவதற்காகக் கையிலிருந்த பிள்ளையை ஒருத்தி பக்கத்தில் நின்ற உம்மாவிடம் நீட்டினாள், தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல். உம்மா வாங்கிக்கொண்டா. அவள் ஏறியதும் ஜன்னலால் பிள்ளையைக் கொடுத்தா. பிறகு பையைத் திறந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கட்டிய பொதிகளை ஒவ்வொன்றாக ஜன்னலுக்குள் கொடுத்தா. "மீன் இருக்கு, முள்ளுப் பாத்துக் குடுங்க" என்று அந்தச் சத்தத்துக்குள் இரண்டு முறை சொன்னா. எங்கள் பங்குப் பொதிகளும் சேர்ந்து போய்விட்டன என்பது மாஸ்டர் வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியில் ‘சனி பகல் உணவு’ என்ற வரியைக் கோடிட்டு அழித்தார்.

அப்புத்தளை 1431 மீற்றர் உயரத்தில் ஒரு மலையின் முதுகில் கிடக்கிறது. தெருவின் இரண்டு பக்கமும் நிலம் இறங்கிவிடும். மாஸ்டர் எழுதியது உண்மை, பார்க்க ஒன்றுமில்லை. கடைகள், மரக்கறி மூட்டைகள், கூடையோடு நடக்கிற பெண்கள், தண்டவாளத்தையே தெருவாக்கி நடந்து போகிற எல்லோரும். பள்ளியில் வுழு எடுக்கத் தண்ணீரில் கை வைத்த மாமா, பாங்கு சொன்னதை விடப் பெரிய சத்தம் போட்டார். பின்னேரம் மாஸ்டர் எங்களைத் தெற்கு விளிம்புக்குக் கூட்டிப்போனார். புகார் கீழேயிருந்து பொங்கி வந்து முகத்தில் முட்டியது. சிலநேரம் அது விலகும். அப்போது காலடியில் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே இன்னொரு நாடு மாதிரித் தட்டையான நிலம், நெடுந்தூரம். வானம் தெளிவான நாளில் அம்பாந்தோட்டைக் கடல் தெரியும், இரவில் அங்குள்ள வெளிச்சவீட்டின் ஒளி கூடத் தெரியும் என்றார் மாஸ்டர். "நம்மட கடலும் தெரியுமா?" என்று கேட்டேன். "அது அங்கால, கிழக்க. மல மறைக்கும்." குளிருக்குக் கிடுகிடுத்துக்கொண்டு மலையேறி வந்து கடலைத் தேடிக்கொண்டு நின்றோம். கடற்கரை ஆட்களை எங்கே கொண்டுபோய் விட்டாலும் அப்படித்தான் போலும்.

இரவு மாஸ்டரின் மனைவி மலையில் விளைந்த உருளைக்கிழங்கோடு கீரிக் கருவாட்டைப் போட்டுக் காய்ச்சினா. வாசத்துக்கு அந்த வரிசையில் இருந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரு கோப்பை போனது. ரோசாப்பூப் போர்வை எங்கள் நாலு பேரையும் மூடப் போதுமானதாக இருந்தது. அதற்குள் ராத்தா இரண்டு சோட்டியோடு வேர்த்துக் கொட்டினா.

ஞாயிறு காலை சந்தை. கடைசிப் பக்கம் அன்றுதான் வேலை செய்தது. லீக்ஸ், கரட், பீற்றூட், பெயாஸ். ரோசாக்கன்று கிடைக்கவில்லை, மாஸ்டர் முற்றத்தில் நின்ற செடியிலிருந்து ஒரு தடியை வெட்டி ஈரச்சாக்கில் சுற்றித் தந்தார். தேயிலைத்தூள் தம்பேதன்னைப் பக்கத்து ஆள் ஒருவர் மூலம் வந்தது. லிப்டன் மலையுச்சியில் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடத்துக்குப் போக நேரமில்லை. 1931இல் வில்லியர்ஸ் என்ற துரை கட்டிய, இப்போது கத்தோலிக்கத் துறவிகள் இருக்கிற அடிசம் மாளிகைக்கும் போகவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பல வருடங்களுக்குப் பிறகு அங்கே போனேன், அழகான இடம்தான். ஆனால் சந்தையில் மாமா லீக்ஸ்காரரோடு பேரம் பேசிய அரைமணி நேரத்தை அதற்குக் கொடுத்து மாற்ற எனக்கு மனமில்லை.

திரும்பும்போது பெரகலையில் ஏ-4 வந்து சேர்ந்ததும் வாப்பா என் முதுகில் தட்டி, "நம்மட றோட்டு" என்றார். கொஸ்லந்தைக்கு அங்கால் தியலும நீர்வீழ்ச்சி றோட்டோரத்திலேயே, 220 மீற்றர் உயரத்திலிருந்து, கச்சான் காலத்துக்கு ஏற்றாற்போல மெல்லிசாக விழுந்துகொண்டிருந்தது. பஸ் கடந்து வந்த அந்தச் சரிவுகளுக்குள்தான் மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து லயன்களை மூடிய செய்தி வந்தபோது, வாப்பா படத்தை விரித்து அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது இஷா தாண்டிவிட்டது. மூத்தம்மா விழித்திருந்தா. போர்வையை அன்றிரவே முன்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாமி முகர்ந்து பார்த்து, "கருவாடு மணக்குது கா" என்றா. ரோசாத்தடி பிடிக்கவில்லை. லீக்ஸ் சரிபாதி பஸ்ஸில் நசிந்திருந்தது. தேயிலைத்தூள் மட்டும் தெருவில் பெயர் வாங்கியது. மூத்தம்மா அதுவரை மலையைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் வாபஸ் வாங்காமலே, காலையும் மாலையும் அந்தத் தூளில்தான் தேத்தண்ணி குடித்தா.

அடுத்த போஸ்ட் கார்ட் மாஸ்டரிடமிருந்து வந்தது. அவரோடு படிப்பிக்கிற ஒருவர், தோட்டத்துப் பிள்ளை, குடும்பத்தோடு ஒரு சனி ஞாயிறுக்குக் கடல் பார்க்க வர விரும்புகிறாராம். மனைவியும் பிள்ளைகளும் கடலை இதுவரை கண்டதில்லை. எந்த வழியால் வருவது, எங்கே தங்குவது, கரைவலை இழுக்கிறதை எத்தனை மணிக்குப் பார்க்கலாம், கடற்கரையில் இரவில் குளிருமா, கம்பளி கொண்டுவர வேண்டுமா? வாப்பா உரத்து வாசித்தார். பிறகு கொப்பியில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திருப்பி 786 போட்டு, பேனையை வைத்துக்கொண்டு யோசித்தார். மூத்தம்மா பாக்கை வாயில் போட்டபடி சொன்னா: "கம்பளி வேணாம் எண்டு எழுதுங்க மருமகன். தூள் முடியப் போகுது எண்டும் எழுதுங்க."